அம்பாசடர் மார்க் 2: பெல்ட் ஃபேனா, எலக்ட்ரிக் ஃபேனா?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். என்னுடையது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் அசையாமல் நிற்கிறது. கோடை மதியத்தில் கிண்டி நெரிசலில் சிக்கினால் விறுவிறுவென ஏறுகிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. தெர்மோஸ்டாட்டும் ஹோஸ்களும் புதியவை.

வாட்டர் பம்ப்போடு சேர்ந்து இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் ஃபேன், இன்ஜின் மெதுவாக ஓடும்போது தானும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று தேவைப்படும் நேரத்தில் சோம்பல்; வேகத்தில் எதிர்க்காற்றே போதும் என்கிறபோது வீண் உழைப்பு!

மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேனைப் பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்குத் தயக்கம், பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவைப் பற்றித்தான். அது முழு வேகத்திலேயே ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும், ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) அநேகமாக ஒன்றுமில்லை. இரவில் ஹெட்லைட்டோடு ஃபேனும் பத்து ஆம்பியர் இழுத்தால் பேட்டரி என்ன ஆகும்? ஐடிலிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறினால் செலவோடு பழைய தோற்றமும் போய்விடும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

பெல்ட் ஃபேனை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தகரத்தில் ஷ்ரௌட் (காற்று முழுதும் ரேடியேட்டர் வழியே வரச்செய்யும் உறை) அடித்துப் பார்த்தவர்கள் உண்டா? முள் உண்மையிலேயே இறங்கியதா? ரேடியேட்டருக்கு முன்னால் சிறிய எலக்ட்ரிக் ஃபேனைத் துணைக்கு வைத்தவர்கள், சூடேறினால் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சை எங்கே பொருத்தினீர்கள், ரிலேவுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். பொருத்திய இடத்தின் படம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வசதியாக இருக்கும்.