ஷெட்யூலில் 30 மணி நேரம், ஆனால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லை. ஏன்?

ரீஃபில்_கியூ:
அமெரிக்காவில் ஒரு செயின் ஃபார்மசி, டெக்னீஷியன் வேலை, மணிக்கணக்குச் சம்பளம். வாரம் ஐந்து ஷிஃப்ட், தலா 6 மணி நேரம். 30 இருந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு என்கிறார்கள். எச்ஆர் தகுதி இல்லை என்கிறது. எதை வைத்துக் கணக்கு? 401கே-க்கும் (கம்பெனி வழியே போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பிரசவ விடுப்புக்கும் இதே கணக்குதானா?

பே_ஸ்டப்:
ஷெட்யூலை மூடிவிட்டு பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) பாருங்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணிக்குச் சம்பளம் இல்லையென்றால் ஏறுவது 5.5 மணிதான். வாரத்துக்கு 27.5, வருஷத்துக்கு 1,430. ஏசிஏ (ஒபாமாகேர்) சட்டப்படி ஃபுல் டைம் என்றால் வாரம் 30, அதாவது வருஷத்துக்குத் தேவை 1,560. அந்த 130 மணிதான் இடிக்கிறது. சம்பளத்தோடு எடுத்த லீவும், அதே கம்பெனியின் வேறு கிளையில் நின்ற மணிகளும் சேரும். விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

மணி நேரம் ஏறி இறங்கும் ஆளுக்கு கம்பெனி 3 முதல் 12 மாதம் வரை அளந்து சராசரி எடுக்கலாம். அது வாரம் 30 வந்துவிட்டால், வேலையில் இருக்கும்வரை அடுத்த ஸ்டெபிலிட்டி பீரியட் (அந்தச் சராசரி செல்லுபடியாகும் காலம்) முழுக்க நீங்கள் ஃபுல் டைம்தான். குறைந்தது 6 மாதம். ஃப்ளூ ஊசி சீசன் முடிந்து ஷிஃப்டை வெட்டினாலும் அது மாறாது. அளக்கும் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கூட்டிப் பார்த்தால் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கேட்க நேரம் இருக்கும்.

கவுண்ட்டர்_2:
ஏசிஏ-வின் இந்த 30 மணி விதி ஊழியருக்கு உரிமை தரும் சட்டம் இல்லை. இன்ஷூரன்ஸ் தராத கம்பெனிக்கு அபராதம் போடும் சட்டம். அதுவும் 50 ஃபுல் டைம் ஆட்களுக்குச் சமமான ஆள்பலம் இருந்தால்தான். தெருமுனைச் சின்னக் கடைக்குப் பொருந்தாது.

மற்ற இரண்டும் தனிக் கணக்கு. பிரசவத்துக்கு எடுக்கும் எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்புக்கு அந்தக் கம்பெனியில் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி, 75 மைலுக்குள் கம்பெனிக்கு 50 பேர். இந்தக் கணக்கில் நின்று வேலை பார்த்த மணி மட்டுமே, லீவு சேராது. மற்ற இரண்டும் சரியாக இருந்து, லீவு கழித்தும் 1,250 வந்தால் உங்களுக்குத் தேறும். 12 வாரம் வேலை பத்திரம்; சம்பளம் கிடையாது.

401கே: 2025 முதல், அடுத்தடுத்த இரண்டு வருஷம் தலா 500 மணி பார்த்து 21 வயதும் ஆனவரைப் பணம் போட விட வேண்டும். கம்பெனி தன் பங்கைப் போடுவது கட்டாயமில்லை.

ரீஃபில்_கியூ:
பே ஸ்டப்பில் 27.5தான். அளக்கும் தேதி எங்கே தெரியும்?

பே_ஸ்டப்:
சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷனில் (இன்ஷூரன்ஸ் திட்டத்தின் விதிகளைச் சொல்லும் ஆவணம்) பாருங்கள். போனில் கேட்டால் நழுவுவார்கள். எழுத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் நகல் தர வேண்டும். சில கம்பெனிகள் 30-க்குக் கீழேயே இன்ஷூரன்ஸ் தருவதுண்டு, அதையும் அதிலேயே பார்த்துவிடுங்கள்.