கூபையில் முழு அட்டவணையையும் எலிமென்ட்வைஸ்கெர்னலுக்குள் அனுப்புவது: வேகம் வரவில்லை

கூபை (CuPy) என்பது கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போடும் பைதான் நூலகம். அதன் எலிமென்ட்வைஸ்கெர்னல் (ElementwiseKernel) ஒரே கணக்கை அரேயின் (எண் வரிசையின்) ஒவ்வொரு உறுப்புக்கும் ஓட்டும். இதில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 4096×4096 அளவுள்ள 16 பிட் படம். ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் 65,536 இடங்கள் கொண்ட திருத்த அட்டவணையில் பார்த்து மாற்ற வேண்டும், அப்புறம் சின்னதாக ஒரு கணக்கு. கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. லினக்ஸ், பைதான்.

முதலில் படம், அட்டவணை இரண்டு அரேயையும் கெர்னலுக்கு அப்படியே கொடுத்தேன். அளவு பொருந்தவில்லை என்று பிராட்காஸ்ட் பிழை வந்தது. அது நியாயம்தான், அட்டவணையையும் ஒவ்வொரு உறுப்பாகப் பிரிக்கப் பார்க்கிறது. அட்டவணைக்கு முன்னால் 'ரா' (raw, அதாவது பிரிக்காமல் முழுதாகக் கொடு) என்று போட்டதும் பிழை போய்விட்டது, விடையும் சரி. ஆனால் வேகம் படத்தைப் பொறுத்து மாறுகிறது: பிக்சல்களை வரிசைப்படுத்திக் கொடுத்தால் பறக்கிறது, உண்மையான படத்தில் தவழ்கிறது.

கெர்னலே இல்லாமல் அட்டவணையை நேராக இன்டெக்ஸ் செய்தும் பார்த்தேன். இடையில் 64 எம்பிக்கு ஒரு தற்காலிக அரே உருவாகிறது, அதுவும் மெதுவு. கான்ஸ்டன்ட் மெமரிக்கு (கார்டில் படிக்க மட்டுமான சின்ன நினைவகம்) கொண்டுபோகலாம் என்றால் அங்கே 64 கேபிதான். என் அட்டவணை ஃப்ளோட்32 (ஒரு எண்ணுக்கு 4 பைட்), மொத்தம் 256 கேபி. ஷேர்டு மெமரியிலும் (ஒரு குழு த்ரெட்கள் பகிரும் வேகமான சின்ன நினைவகம்) அடங்காது. துல்லியம் குறையும் என்பதால் ஃப்ளோட்16 வேண்டாம்.

இவ்வளவு பெரிய அட்டவணைக்கு எலிமென்ட்வைஸ்கெர்னலை விட்டுவிட்டு ராகெர்னலில் (RawKernel, முழு கூடா நிரலையும் நாமே எழுதுவது) டெக்ஸ்சராக (தனி கேஷ் வழியாகப் படிக்கும் நினைவக வடிவம்) வைத்தால் உண்மையில் வேகம் கூடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.