ஒரே பையில் வந்த உலர்புல், இரண்டு முயல்: ஒருத்தி பொறுக்கித் தின்கிறாள், ஒருவன் தொடுவதே இல்லை

பஞ்சுமிளகு கேட்டது:

வணக்கம். என்னிடம் இரண்டு முயல்கள். பஞ்சு வெள்ளை, பெண், மூன்று வயது. மிளகு கறுப்பு, ஆண், ஐந்து வயது. இருவருக்கும் கருத்தடை அறுவை முடிந்துவிட்டது. ஒரே அறையில்தான் இருக்கிறார்கள், ஒரே தட்டில்தான் சாப்பாடு.

ஒரு வருடமாக டிமோத்தி உலர்புல்தான் போடுகிறேன். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. பழைய பை தீர்ந்து புதியதைப் பிரித்த அன்றுதான் தகராறு ஆரம்பித்தது. அதே பெயர், அதே அட்டை. ஆனால் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிகிறது. பழையது பச்சையாக, விரலில் சுற்றினால் வளைகிற மாதிரி இருந்தது. இது தவிட்டு நிறத்தில், துடைப்பக் குச்சி போல விறைத்து நிற்கிறது.

பஞ்சு தலையை உள்ளே நுழைத்து இலையையும் கதிரையும் மட்டும் உருவித் தின்கிறாள். தண்டையெல்லாம் தள்ளிவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொள்கிறாள். மிளகு வருகிறான், முகர்ந்து பார்க்கிறான், ஒரு தண்டை வாயில் எடுக்கிறான், அப்படியே கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறான். பெல்லட் (அழுத்திச் செய்த தீவனம்) டப்பாவைத் திறந்தால் மட்டும் இருவரும் ஓடி வருகிறார்கள். வயிறு காயக்கூடாதே என்று இப்போது காலையில் ஒரு கைப்பிடி, ராத்திரி ஒரு கைப்பிடி பெல்லட் ஆளுக்குத் தனித்தனியாகக் கொடுக்கிறேன்.

பஞ்சுவின் புழுக்கை வழக்கம்போல உருண்டையாக இருக்கிறது. மிளகுவின் புழுக்கை நாலைந்து நாளாகச் சிறுத்துவிட்டது.

வேறு எந்தப் புல் வாங்கலாம்? குதிரைமசால் கலந்தால் ஆசையாகத் தின்னும் என்கிறார்கள். கலக்கலாமா?

---

மழைக்கால் எழுதியது:

எங்கள் முயலும் இப்படித்தான் இருந்தது. ஓட்ஸ் புல் கொஞ்சம் கலந்ததும் சரியாகிவிட்டது. முற்றாத கதிர் இருக்கும், அதைத் தேடியே கிளறிக்கொண்டு இருக்கும். இன்னொன்று, புல்லை மலத்தட்டின் ஒரு பாதியிலேயே குவித்து வைத்துப் பாருங்கள். முயலுக்குத் தின்பதும் புழுக்கை போடுவதும் ஒரே நேரத்து வேலை. தட்டு ஒரு மூலையிலும் புல் கூண்டு இன்னொரு மூலையிலும் இருந்தால் பாதி நேரம் புல்லை மறந்துவிடும்.

---

நெடுங்காது எழுதியது:

பஞ்சுமிளகு, இரண்டையும் ஒரே பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பஞ்சு செய்வது பொறுக்கல். மிளகு செய்வது பொறுக்கல் இல்லை.

பிடிக்காத புல்லை முயல் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வாயில் எடுத்து, மென்று பார்த்து, கீழே போட்டால் அது வேறு. தின்ன ஆசை இருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்பற்கள் ஆறு, மீதி 22 கடைவாயில். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, அதில்தான் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேயும். சரியாகத் தேயாத பல்லின் ஓரம் முள் மாதிரி கூராகிவிடும். கீழ்ப்பல் முள் நாக்கைக் குத்தும், மேல்பல் முள் கன்னத்தைக் குத்தும். பெல்லட் வாயில் போட்டதும் பொடிந்துவிடுவதால் அதைச் சமாளித்துத் தின்றுவிடும். நீளமான விறைத்த தண்டை அரைக்கத்தான் முடியாது. பழைய புல் மென்மையாக இருந்ததால் வலி வெளியே தெரியாமல் ஓடியிருக்கலாம்.

இன்றைக்கே மிளகுவின் மோவாய்க்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாகவோ முடி ஒட்டிக்கொண்டோ இருக்கிறதா? முன்னங்காலின் உள்பக்க முடி சிக்காகி இருக்கிறதா? வாயைத் துடைத்துத் துடைத்து அங்கேதான் எச்சில் சேரும். ஈரம் இல்லாவிட்டாலும் சரி, புழுக்கை சிறுத்து நாலு நாள் ஆகிவிட்டது, முயல் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தின்பதோ புழுக்கையோ பன்னிரண்டு மணி நேரம் அடியோடு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. குடல் நின்றுபோனால் முயல் தாங்காது. நான் ஒருமுறை காத்திருந்தேன். அந்த முயல் பிழைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இனி பஞ்சு.

உங்கள் புதுப் பை பெரும்பாலும் முதல் அறுப்பாக இருக்கும். டிமோத்தியைக் கதிர் விட்ட பிறகு முதலில் அறுப்பது தண்டு நிறைந்ததாக, நார் அதிகமாக வரும். அதே வயலில் மறுபடி துளிர்த்து இரண்டாவது அறுப்பு வரும்போது இலை கூடும், தண்டு மெலியும். மூன்றாவது ஏறக்குறைய முழுக்க இலைதான், மெத்தென்று இருக்கும், நார் குறைவு. பை அட்டையில் எத்தனையாவது அறுப்பு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பல வகையில் போட்டிருக்காது, அப்போது கையும் மூக்கும்தான் துணை. ஒரு பிடி எடுத்துக் கசக்கி முகருங்கள். புல் வாசம் வரவேண்டும். வாசமே இல்லாமல் தூசி பறந்தாலோ, மக்கல் வாடை அடித்தாலோ, சாம்பல் நிறப் பூஞ்சணப் பொட்டு தெரிந்தாலோ முழுப் பையையும் தள்ளிவிடுங்கள். பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் பயமில்லை, வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கும்.

பஞ்சுவுக்கு இரண்டாவது அறுப்பு டிமோத்தியோ ஆர்ச்சர்ட் புல்லோ வாங்குங்கள். ஆர்ச்சர்ட் அகலமான இலையாக, மென்மையாக, கொஞ்சம் இனிப்பு வாசத்தோடு இருக்கும். சத்தில் டிமோத்திக்குப் பக்கத்தில்தான். கைவசம் இருக்கும் முரட்டுப் புல்லை வீணாக்க வேண்டாம், புதியதோடு கலந்து பத்து நாளில் விகிதத்தை மாற்றுங்கள். ஒரே தடவை மலையாகக் குவிக்காமல் நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். புதுப்புல் சலசலப்பு கேட்டாலே ஓடி வருவார்கள்.

பெல்லட்டைப் பஞ்சுவுக்கு உடனே குறைக்கத் தொடங்குங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் தாண்ட வேண்டாம். வயிறு பெல்லட்டால் நிறைந்த முயல் தண்டை ஏன் மெல்லப்போகிறது? மிளகுவுக்கு மட்டும் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் குறைக்காதீர்கள்.

---

வெண்கால் எழுதியது:

குதிரைமசால் பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம். அது புல்லே இல்லை, பயறு இனம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு நல்லது, புரதமும் கால்சியமும் வளர்ச்சிக்கு உதவும். வளர்ந்த முயலின் குடல் தேவைக்கு மேல் உள்ள கால்சியத்தையும் உறிஞ்சி, சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளும். ஆசையாகத் தின்கிறதே என்று நான் இரண்டு வருடம் கொடுத்தேன். ஒரு நாள் தட்டில் சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கிடந்தது, காய்ந்ததும் விரலில் நறநறவென்று மணல். சிறுநீர்ப்பை முழுக்க அது தேங்கி, பாவம், முக்கி முக்கித்தான் போகும். ஒருமுறை ருசி பார்த்துவிட்டால் மற்ற புல்லைத் திரும்பியும் பார்க்காது என்பது இன்னொரு தொல்லை.

---

பஞ்சுமிளகு எழுதியது:

நெடுங்காது அக்கா, உங்கள் பதிலைப் படித்த கையோடு மிளகுவைத் தூக்கிப் பார்த்தேன். மோவாய்க்கு அடியில் ஈரம். இடது முன்னங்காலின் உள்பக்கம் முடி பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. கறுப்பு முடியில் கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. தினமும் தடவுகிற கைதான், முதுகைத் தவிர வேறெங்கும் தடவியதில்லை.

அன்று மாலையே மருத்துவரிடம் போய்விட்டோம். காது பார்க்கிற கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். இடது கீழ்க்கடைவாயில் ஒரு முள், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் புண். மறுநாள் மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார். அதற்கு முன் பட்டினி போட வேண்டாம், முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். நான் அதற்குள் தட்டை எடுத்து வைத்திருந்தேன், ஓடிப்போய்த் திரும்ப வைத்தேன்.

இப்போது வலி மருந்து, அப்புறம் தண்ணீரில் குழைத்த மாவை ஊசிக்குழலால் ஊட்டுகிறேன். புழுக்கை பெரிதாகத் தொடங்கிவிட்டது. அவனுக்கு இனி எந்தப் புல்? இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா?

---

நெடுங்காது எழுதியது:

நல்ல நேரத்தில் கொண்டுபோனீர்கள். தனித்தனியாக வேண்டாம், அவன் பார்வையில் அவள் தின்பதுதான் அவனுக்கு மருந்து. நாக்கு ஆறும்வரை ஒரு வாரம் மூன்றாவது அறுப்போ நல்ல இலையுள்ள ஆர்ச்சர்டோ இருவருக்கும் போடுங்கள், மேலே உலர்ந்த புதினா இலையைக் கசக்கித் தூவுங்கள். பிறகு இரண்டாவது அறுப்புக்குக் கொண்டுவாருங்கள். மென்மையான புல்லிலேயே விட்டுவிடாதீர்கள். பல் தேய அவனுக்கு மற்றவர்களைவிட அதிகமாக மெல்லும் வேலை வேண்டும். முள் பெரும்பாலும் திரும்ப வரும், அதனால் அடுத்த பரிசோதனை எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்தால் வாய் வலிக்கத் தொடங்கியது உங்களுக்கு முன்னதாகவே தெரிந்துவிடும்.

பையைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். அட்டைப்பெட்டியோ துணிப்பையோ போதும். இப்போதிருக்கும் பையிலிருந்து கடைசி இரண்டு பிடி எப்போதும் மிச்சம் வையுங்கள், அடுத்த பை பிரிக்கும்போது கலக்க உதவும்.

---

பஞ்சுமிளகு எழுதியது:

ஒன்பதாம் நாள். ஆர்ச்சர்ட் வந்துவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். மலத்தட்டுப் பக்கமிருந்து இரண்டு சத்தம் கேட்டது. பஞ்சு மெல்வது வேகமாக, கரகரவென்று கேட்கும், அது எனக்குப் பழக்கம். இன்னொன்று நிறுத்தி நிறுத்தி, மெதுவாகக் கேட்டது. எழுந்து போனால் அவன் ஓடிவிடுவான் என்று அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் பார்த்தால் குவித்து வைத்ததில் பாதி இல்லை. மிளகுவின் எடை 40 கிராம் கூடியிருக்கிறது.