புதுப்பிப்பு: ஒல்லி உடம்புக்குக் கைத்துப்பாக்கி

டெக்சஸில் சட்டைக்குள் மறைத்து வைக்க கிளாக் 19, கிளாக் 43எக்ஸ், சிக் சவர் பி365 மூன்றில் எது என் ஒல்லி இடுப்புக்குச் சரிவரும் என்று கேட்டிருந்தேன். பி365 வாங்கிவிட்டேன்.

43எக்ஸ் மெலிசுதான், ஆனால் உயரம் கிளாக் 19 அளவே, சுமார் 5 அங்குலம். குனிந்தால் பிடியின் அடிப்பக்கம் டீ-சர்ட்டைக் கூடாரம் மாதிரி தூக்கியது. பி365 4.3 அங்குலம்தான். குழல் எப்படியும் பெல்ட்டுக்குக் கீழே போய்விடும், காட்டிக்கொடுப்பது பிடிதான்.

அப்புறம், நீங்கள் சொன்ன கொக்கி வைத்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) துப்பாக்கி உறை அருமை. பெல்ட் அந்த உறைக் கொக்கியை அழுத்த, பிடி வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது. சுடும் விசையையும் (டிரிகர்) உறை முழுசாக மூடுகிறது. மூடாத உறையைத் தொடவே மாட்டேன்.

ஒரே குறை, சுண்டுவிரலுக்கு இடம் போதவில்லை. நீளமான மேகசின் (பிடிக்குள் செருகும் குண்டுப் பெட்டி) போட்டால் சரியாகும், ஆனால் பிடி மறுபடி துருத்தும். இப்போதைக்கு 10 குண்டு மேகசினே போதும்.