கடையில் திருடியவனைப் பிடித்தேன், போலீஸ் என்னை விசாரிக்கிறது

டொரொன்டோ புதுசு:
அண்ணாமாரே, அவசரம். கனடா வந்து நாலு மாதம். தமிழ்க் கடை ஒன்றில் வேலை. நேற்று ஒருவன் இரண்டு பால்மா டின்னை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியேறினான். பிடித்தேன். போலீஸ் அவனை விட்டுவிட்டு என்னையே கேள்வி கேட்டது. வழக்கு வருமா?

பழைய ஸ்கார்பரோ:
தம்பி, கடை வேலையை முதலில் விடும். நான் வந்த குளிர்காலத்தில் விடிய நாலு மணிக்கு பஸ்ஸுக்கு நின்று காது மரத்துப்போனது. யாரும் உதவவில்லை.

மார்க்கம் ரவி:
பயப்படாதீர்கள். சைனாடவுன் கடைக்காரர் டேவிட் சென் 2009-இல் திருடனைக் கட்டி வேனில் போட்டார். அவர் மேலேயே வந்த வழக்கில் 2010-இல் விடுதலையானார்.

வாணி:
விடுதலைதான், ஆனால் ஒன்றரை வருடம் அலைந்த பிறகு. திருடன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பிடித்ததுதான் அங்கே சிக்கல். சட்டத்தைத் திருத்தினார்கள், 2013-இல் நடைமுறைக்கு வந்தது. போலீஸே வந்து பிடிக்க வழியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் நியாயமான நேரத்துக்குள் பிற்பாடும் பிடிக்கலாம். உடனே போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

டல்லஸ் குமார்:
டெக்ஸாஸில் இரவுத் திருடனைச் சுடக்கூடச் சில சமயம் சட்டம் இடம் தருகிறது.

பழைய ஸ்கார்பரோ:
இங்கே போலீஸ் வரவே ஒரு மணி நேரம். பால்மா விலையோ கேட்கவே வேண்டாம்.

வாணி:
குமார், அதை இவர் தலையில் ஏற்றாதீர்கள். கனடாவில் தன் உயிருக்கோ தன் பொறுப்பில் இருப்பவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது படுகாயம் வரும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் அந்த அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். டின்னுக்காக இல்லை. தம்பி, எங்கே பிடித்தீர்கள்? எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?

டொரொன்டோ புதுசு:
பஸ் ஸ்டாப் வரை துரத்தினேன். ஜாக்கெட் கை கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. தான் வரும்வரை 911 கூப்பிடாதே என்றார் முதலாளி. ஸ்டோர் ரூமில் நாற்பது நிமிடம் பூட்டிவைத்தேன். வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன்.

வாணி:
அந்த நாற்பது நிமிடம்தான் வினை. அடைத்துவைத்தது, தாக்கியது என்று இரண்டு குற்றச்சாட்டு வரலாம். தண்டனை விழுந்தால் பெர்மிட்டுக்கே ஆபத்து. வக்கீலிடம் பேசாமல் போலீஸிடம் இனி வாக்குமூலம் கொடுக்காதீர்கள். ஒன்டாரியோ லீகல் எய்டுக்கு (வசதி குறைந்தவர்களுக்கான சட்ட உதவி அமைப்பு) இன்றே போன் செய்யுங்கள். பெர்மிட் விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காமரா பதிவை அழியாமல் வைக்கச் சொல்லுங்கள். இங்கே இனி ஒரு வரி எழுத வேண்டாம்.

டொரொன்டோ புதுசு:
சரி அக்கா. பதிவு ஏழு நாளில் தானாக அழிந்துவிடுமாம். கடைக்குக் கிளம்பிவிட்டேன்.