சிறுநீரக நீர்க்கட்டி நோய்: குழந்தைக்கு முன் மரபணுப் பரிசோதனை அவசியமா?

கேள்வி: வணக்கம். என் மாமனார் 52 வயதில் டயாலிசிஸுக்குப் போனவர். இப்போது 31 வயதாகும் என் கணவருக்கும் இரண்டு சிறுநீரகங்களிலும் நிறைய நீர்க்கட்டிகள் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்யாமல் குழந்தைக்கு முயலவே கூடாது என்கிறார் ஒரு மருத்துவர். அது தேவையே இல்லை என்கிறார் மற்றொருவர். நாங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள் அல்லர், அதனால் பிள்ளைக்கு வராது என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். யார் சொல்வதை ஏற்பது?

மறுமொழி 1 (சிறுநீரக மருத்துவர்): பெரியவர்கள் சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும். ஒவ்வொரு கருவுக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரத்த உறவுத் திருமணத்தால் வாய்ப்புக் கூடுவது, பெரும்பாலும் பச்சிளம் பருவத்திலேயே வெளிப்படும் வேறொரு வகையில்தான். குடும்பத்தில் நோய் இருக்கும்போது, 15 முதல் 39 வயதுக்குள் மூன்று கட்டிகள் தெரிந்தாலே நோயை உறுதிசெய்யலாம் என்பதால், உங்கள் கணவருக்கு நோய் உண்டா என்றறிய மரபணுப் பரிசோதனை வேண்டியதில்லை. ஆனால் சோதனைக்குழாய் முறையில் உருவாகும் கருக்களைச் சோதித்து, நோயில்லாத கருவைக் கருப்பையில் வைக்க விரும்பினால், முதலில் அவரிடமுள்ள பழுது எதுவென்று கண்டாக வேண்டும். இரு மருத்துவர்களும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. முடிவு உங்கள் இருவருடையது. அதை எடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

மறுமொழி 2: எனக்கு இது அம்மாவழி வந்தது. அவர் முன்கையில் டயாலிசிஸுக்காக இணைத்த இரத்தக்குழாய் என் உள்ளங்கைக்கு அடியில் அதிர்ந்துகொண்டே இருந்ததை இன்றும் உணர்கிறேன். அதை அறிந்தும், கருவைச் சோதிக்காமலே இரண்டு பிள்ளைகளைப் பெற்றோம். இன்னொருவர் வேறு முடிவெடுத்தால் அதையும் மதிப்பேன். நான் சாப்பிட்டுவந்த டெல்மிசார்டான் கருவுக்குக் கேடு என்பதால், முயல்வதற்கு முன்பே மருத்துவர் வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் மட்டும் பார்க்கிறோம். மரபணுப் பரிசோதனையை அவர்கள் வளர்ந்தபின் தாங்களே முடிவு செய்யட்டும் என்பது எங்கள் மருத்துவரின் கருத்து.

மறுமொழி 3: மரபுவழி நோய்க்காகக் கருவைச் சோதிப்பதை, கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பதிவுபெற்ற மையங்களில் அனுமதிக்கிறது; பாலினத்தை மட்டும் சொல்லக் கூடாது. சோதனைக்குழாய் சிகிச்சையின் ஒரே சுற்றில் கரு தங்கிவிடும் என்ற உறுதி கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: அனைவருக்கும் நன்றி. முதலில் மரபியல் ஆலோசகரைப் பார்க்கப் போகிறோம். என் நாத்தனாருக்கு 27 வயது, வரன் பார்க்கிறார்கள், அவர் இதுவரை ஸ்கேன் எடுத்ததில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது தெரியவில்லை.