வாப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க இதயப் பம்பும் வேண்டும் என்கிறார்கள், அவசியந்தானா?

கீழக்கரைப் பையன்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். வாப்பாவுக்கு வயது 68, சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது, பீடியை விட்டு நாலு வருடந்தான் ஆகிறது. போன மாதம் பஜார் வரை நடந்தாலே நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. ராம்நாட்டில் எக்கோ எடுத்ததில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 25 என்று வந்தது, மதுரைக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ பார்த்தால் லெஃப்ட் மெயின் என்கிற தாய்க்குழாயிலேயே அடைப்பு, மற்ற மூன்று குழாயும் சரியில்லை. நுரையீரலும் கிட்னியும் தாங்காது என்று சர்ஜன் பைபாஸுக்குத் தயங்குகிறார். ஸ்டென்ட்தான் வழி, ஆனால் இம்பெல்லா என்று ஒரு பம்பை இதயத்துக்குள் விட்டுத்தான் செய்ய வேண்டுமாம், அந்தப் பம்புக்குத் தனிக்காசு. காப்பீட்டு அட்டையில் வருடத்துக்கு 5 லட்சம் இருக்கிறது, பம்பு அதில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு உம்மாவின் நகை போதாது, வீட்டில்தான் கை வைக்க வேண்டும். இன்னொரு இடத்தில் கேட்டால் பலூன் பம்ப் போதும் என்கிறார்கள். துபாயில் இருக்கும் மச்சான், இம்பெல்லா வைத்தால் சாவு குறைகிறது என்று 2024-இல் வந்த ஆராய்ச்சியைத் தினமும் அனுப்பி, காசைப் பார்க்காதே என்கிறார். யாரை நம்புவது?

மண்டபத்தான்:

தம்பி, நான் மதுரையில் ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் கேத் லேப்பில் டெக்னீஷியன், 11 வருடம். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பம்பு வைத்தியம் இல்லை, தாங்கிப் பிடிக்கிற கை. லெஃப்ட் மெயினில் ஸ்டென்டை விரிக்கும் பலூனை ஊதும் அந்த அரை நிமிடம் இடது பக்க இதயத்துக்கு ரத்தமே போகாது. நல்ல இதயம் தாங்கும். ஈஎஃப் 25 என்றால் மானிட்டரில் 120-இல் நின்ற பிரஷர் நம் கண் முன்னாலேயே 90, 70, 50 என்று இறங்கி, மேடும் பள்ளமுமாக ஓடிய கோடு தட்டையாகிவிடும். பலூனைச் சுருக்கினாலும் சில சமயம் ஏறாது. ரூமில் யாரும் பேச மாட்டோம். நடுக்கடலில் இன்ஜினைக் கழற்றும்போது பக்கத்துப் படகில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வோமே, அதுபோல.

கயிறு இரண்டு வகை. பலூன் பம்ப் தொடை வழியாகப் போய்ப் பெருந்தமனியில் உட்காரும், ஈசிஜியைப் பார்த்து இதயம் விரியும்போது ஊதும், சுருங்கும்போது சுருங்கும். உள்ளே போவது ஹீலியம், லேசான வாயு என்பதால் மெல்லிய குழாயில் சட்டென்று போய் வரும். இது கொடுக்கும் உதவி நிமிடத்துக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். இம்பெல்லா பெருந்தமனியின் வாசலில் இருக்கும் அயோர்ட்டா வால்வைத் தாண்டி இடது அறைக்குள்ளேயே போய் ரத்தத்தை உறிஞ்சி வெளியே தள்ளும், சிபி மாடல் என்றால் மூன்றரை லிட்டர் வரைகூடத் தரும். சுகமாக இருக்கும் இதயமே நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தள்ளுகிறது. அப்போ இம்பெல்லாதானே என்று தோன்றும். ஆனால் அது 14 பிரெஞ்ச், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் தடிமன், பலூன் பம்ப் அதில் பாதிதான். 20 வருடச் சர்க்கரை, பீடி என்று சொன்னீர்களே, முதலில் கால் குழாயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இடது அறையில் ரத்தக்கட்டி இருந்தாலும் இம்பெல்லா விடக்கூடாது, அயோர்ட்டா வால்வு நன்றாகக் கசிந்தால் பலூன் பம்ப் கூடாது. இரண்டையும் எக்கோவிலேயே பார்த்திருப்பார்கள்.

உங்கள் மச்சான் அனுப்புவது டேஞ்சர் ஷாக் ஆராய்ச்சி. அதில் இருந்தவர்கள் பெரிய மாரடைப்பு வந்து பிரஷர் விழுந்து ஷாக்கில் கிடந்தவர்கள். 180 நாளில் இம்பெல்லா வைத்தவர்களில் 45.8 சதவீதம் பேரும் வைக்காதவர்களில் 58.5 சதவீதம் பேரும் இறந்தார்கள், பலன் உண்மைதான். ஆனால் வாப்பா நடந்து வந்து அட்மிட் ஆகப்போகிறவர், அந்தக் கணக்கை இவருக்குப் போடக்கூடாது.

சாயல்குடி:

எல்லாம் காசு பிடுங்குற வேலை. ஸ்டென்டுக்கு 2017-இல் விலை உச்சவரம்பு வைத்ததும் வேறு சாமானில் பிடிக்கிறார்கள். ரெண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மண்டபத்தான்:

அண்ணே, உச்சவரம்பு விஷயம் சரி, மருந்து தடவிய ஸ்டென்ட் அப்போது 29,600 ஆனது. அதற்காக ரெண்டும் வேண்டாம் என்று எழுதாதீர்கள், டேபிளில் கிடப்பது நம் வாப்பா இல்லை.

தொண்டி அக்கா:

தம்பி, என் வீட்டுக்காரருக்கு இம்பெல்லா வைத்துத்தான் செய்தோம், எங்கே என்று சொல்லவில்லை. ஸ்டென்ட் அருமையாக முடிந்தது, பம்பு மறுநாள் வரை உள்ளேயே இருந்தது. கட்டிலில் தொங்கும் பையில் சிறுநீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறியிருந்ததை நான்தான் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டேன், ரத்த அணு உடைகிறது என்றார்கள், பம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்த பிறகு தெளிந்தது. சாயங்காலம் போர்வைக்குள் கையை விட்டால் வலது பாதம் மட்டும் ஐஸ் மாதிரி. நாடி பார்த்தீர்களா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் வந்தது. கால் தப்பியது, ஆனால் ஒன்றரை மாதம் புண் ஆறவில்லை. யார் பக்கத்தில் இருந்தாலும் மணிக்கொரு தரம் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிஜி டாக்டர்:

மண்டபத்தான் சொன்னது சரி, கூட இரண்டு. திட்டமிட்ட ஸ்டென்டில் பலூன் பம்பை முன்கூட்டியே வைப்பதா என்று பிரிட்டனில் 301 பேரிடம் பார்த்தார்கள், ஈஎஃப் 30-க்குக் கீழே உள்ளவர்கள். டிஸ்சார்ஜ் வரை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பலூன் இல்லாமல் தொடங்கியவர்களில் 12 சதவீதம் பேருக்கு நடுவில் அவசரமாக ஏற்ற வேண்டி வந்தது. பழைய இம்பெல்லா 2.5-ஐயும் பலூனையும் 452 பேரிடம் ஒப்பிட்ட புரொடெக்ட் 2 ஆராய்ச்சியிலும் 30 நாளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இம்பெல்லா இல்லாவிட்டால் செத்துவிடுவார் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், தேவையே இல்லை என்றாலும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டென்டே வேண்டுமா? 2022-இல் 700 பேரிடம் செய்த ரிவைவ்ட் ஆராய்ச்சியில், ஈஎஃப் 35-க்குக் கீழே இருந்தவர்களுக்கு மாத்திரையோடு ஸ்டென்ட் சேர்த்ததால் சாவோ இதயச் செயலிழப்புக்கான அட்மிஷனோ குறையவில்லை. ஆனால் நெஞ்சுவலி கடுமையாக இருந்தவர்கள் அதில் இல்லை. வாப்பாவுக்கு பஜார் போனாலே வலி என்கிறீர்கள், அதனால் ஸ்டென்டுக்கு நியாயம் இருக்கிறது. இதயநோய் டாக்டரும் சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களா, அதை நேராகக் கேளுங்கள்.

கீழக்கரைப் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றுப் போய்க் கேட்டேன், டாக்டர் கோபப்படுவார் என்று பயந்தேன், இல்லை. கால் குழாய் அதுவரை யாரும் பார்க்கவில்லை, உடனே ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு காலிலும் சுருக்கம், வலதில் அதிகம், இம்பெல்லா போகாது என்று அவரே சொல்லிவிட்டார். இடது கால் வழியாக பலூன் முதலிலேயே வைத்து, தாய்க்குழாய்க்கு முதலில், மற்றவை ஒரு மாதம் கழித்து என்று முடிவு. சர்ஜன் அன்றைக்கு ஊரில் இருப்பாராம். வீடு தப்பியது என்று உம்மா அழுகிறார், மச்சான் இன்னும் பேசவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை. ரத்தம் இரண்டு யூனிட் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வாப்பாவுக்கு பி நெகட்டிவ். மதுரையில் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.